பீர் கம்பெனி லேபிலிருந்து ஐசியூ வரை: பிஎச் என்ற எண்ணின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு எண்ணைப் பத்தினது. ஷாம்பு பாட்டில்ல பாத்திருப்பீங்க, வாட்டர் பியூரிஃபையர் விளம்பரத்துல கேட்டிருப்பீங்க, மீன் தொட்டி வச்சிருக்கவங்க வாரா வாரம் செக் பண்ணுவீங்க. பிஎச். ஸ்கூல் புத்தகத்துல 0-ல இருந்து 14 வரைக்கும் சிவப்பு, பச்சை, ஊதான்னு ஒரு கலர் பட்டை இருக்கும். 7-ன்னா நடுநிலை, கீழ போனா அமிலம், மேல போனா காரம். ரெண்டு மார்க் வாங்கிட்டு மறந்துட்டோம், அவ்வளவுதான்.

இந்த எண்ணை யார் கண்டுபிடிச்சாங்க, எதுக்குக் கண்டுபிடிச்சாங்கன்னு தேடிப் போனா, கதை ஒரு பீர் கம்பெனியில ஆரம்பிச்சு, அதே ஊர்ல 43 வருஷம் கழிச்சு ஒரு போலியோ வார்டுல வந்து நிக்குது. ஊர், டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன். முதல்ல அந்த வார்டுக்குப் போயிட்டு வரலாம்.

27 பேர்

1952, கோடைக்காலம். கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. தொற்றுநோய்களுக்கான பிளெக்டாம் மருத்துவமனைக்கு ஒரு நாளைக்கு 50 பேர் வரை வந்து சேர்ந்த நாட்களும் உண்டு. போலியோன்னா நமக்கு உடனே கால் ஞாபகம் வரும். ஆனா அந்த வைரஸ் மூச்சு விடற தசைகளையும், தொண்டையில விழுங்கற தசைகளையும் முடக்கிப் போடலாம். அப்போ நோயாளியால் மூச்சு விட முடியாது, எச்சிலைக்கூட விழுங்க முடியாது.

அந்தக் காலத்தில் அதற்கு இருந்த கருவி 'இரும்பு நுரையீரல்'. பெரிய இரும்பு உருளை. நோயாளியை உள்ளே படுக்க வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து நெஞ்சை விரிய வைப்பார்கள். பிளெக்டாம் மருத்துவமனையில் அப்படிப்பட்டது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதோடு நெஞ்சில் கவசம் மாதிரி மாட்டும் சின்னக் கருவிகள் ஆறு.

கொள்ளைநோயின் முதல் சில வாரங்களில் இந்தக் கருவிகளில் வைத்து சிகிச்சை பார்த்த 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

இவங்க சாகறதுக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை எடுத்திருக்காங்க. ரத்தத்துல மொத்த கார்பன் டை ஆக்சைடு ரொம்ப அதிகமா இருந்தது. அதைப் பாத்து டாக்டர்கள் எடுத்த முடிவு, ரத்தம் ஏதோ காரணத்தால காரத்தன்மைக்கு மாறிடுச்சு என்பது. மூச்சுக் கோளாறுன்னு அவங்க அதைப் படிக்கல. அது தப்பான முடிவு. உண்மை அதுக்கு நேர் எதிரா இருந்தது.

அந்த டாக்டர்கள் முட்டாள்கள் இல்ல. அவங்க கையில இருந்த ரிப்போர்ட்டும் பொய் இல்ல. அப்புறம் எப்படி இவ்வளவு பெரிய தப்பு நடந்தது? இதுக்குப் பதில் வேணும்னா நம்ம 77 வருஷம் பின்னாடி போகணும், அதே ஊர்ல இருந்த ஒரு பீர் ஆலைக்கு.

ரகசியம் கூடாது

யாகோப் கிறிஸ்டியன் யாகோப்சன் 1847-இல் கோபன்ஹேகன் நகரத்துக்கு வெளியே ஒரு பீர் ஆலை தொடங்கினார். மகன் பேர் கார்ல். ஆலை இருந்த இடம் ஒரு குன்று. டேனிஷ் மொழியில் குன்றுக்கு 'பியெர்க்'. ரெண்டையும் சேர்த்து கார்ல்ஸ்பெர்க். ஆமா, அதே கார்ல்ஸ்பெர்க்தான்.

பீர் காய்ச்சறது அன்னைக்கு பாதி கைப்பக்குவம், பாதி அதிர்ஷ்டம். பார்லியை முளைக்கட்டி, காயவெச்சு, வெந்நீரில் ஊறவைத்தால், முளையில் இருக்கிற நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹால் ஆக்கும். நம்ம வீட்டு இட்லி மாவு மாதிரிதான், ஒரு நாள் நல்லா வரும், ஒரு நாள் சொதப்பும். ஆனா ஆயிரக்கணக்கான லிட்டர் சொதப்பினா முதலாளிக்கு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால் 1875-இல் யாகோப்சன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைத் தொடங்கினார். அதன் விதிகளில் ஒன்று இன்றைக்குப் படித்தாலும் ஆச்சரியமா இருக்கும். அங்கே கண்டுபிடிக்கிற எந்த முக்கியமான விஷயத்தையும் ரகசியமாக வைத்துக்கொள்ளக் கூடாது. நம்ம பாஷையில சொன்னா, ஓப்பன் சோர்ஸ். 1883-இல் அங்கே வேலை பார்த்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன், கலப்படம் இல்லாத ஒரே ஒரு ஈஸ்ட் வகையைத் தனியாகப் பிரித்து வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். பீர் கெட்டுப்போகும் பிரச்சினைக்கு அது பெரிய தீர்வு. யாகோப்சன் அந்த ஈஸ்டைப் போட்டி ஆலைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தார்.

அதே 1883-இல் அதே ஆய்வகத்தில் யோஹான் கெல்டால், தானியத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று நைட்ரஜனை வைத்து அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். உணவுச் சோதனைக் கூடங்களில் கெல்டால் முறை இன்றைக்கும் நடக்கிறது. கெல்டால் 1900-இல் இறந்த பிறகு, 1901-இல் அவருடைய நாற்காலிக்கு வந்தவர்தான் நம்ம கதாநாயகன், சோரன் பீட்டர் லவ்ரிட்ஸ் சோரன்சன். விவசாயி வீட்டுப் பிள்ளை, 1868-இல் பிறந்தவர்.

சிடிசி வேற, கைக்கு வர்றது வேற

சோரன்சனுக்கு நொதிகள் மேல் ஆர்வம். நொதிகள் எல்லாமே ஏறத்தாழ புரதங்கள். அமிலத்தின் அளவு கொஞ்சம் மாறினாலும் அவற்றின் வேகம் தலைகீழாக மாறிவிடும் என்று அப்போதே தெரியும். ஆனால் ஒரு ஆய்வகத்தில் கிடைத்த முடிவு இன்னொரு ஆய்வகத்தில் ஒத்துவராது. ஏன்னா 'அமிலத்தின் அளவு'ன்னு சொல்றப்போ எதை அளக்கணும்ங்கறதிலேயே குழப்பம்.

அன்னைக்கு இருந்த வழக்கமான முறை டைட்ரேஷன். நம்ம பிளஸ் டூ லேப்ல பியூரெட்டைப் பிடிச்சுக்கிட்டு சொட்டுச் சொட்டா விட்டோமே, அதேதான். அமிலத்தில் காரத்தை ஊற்றிக்கொண்டே போய், எவ்வளவு ஊற்றினால் நடுநிலை ஆகிறது என்று பார்ப்பது. இது மொத்த அமிலத்தைச் சொல்லும். பிரச்சினையே அந்த 'மொத்தம்' என்ற வார்த்தையில்தான் இருக்கு.

ஒரு உதாரணம் பாருங்க. ஒரே செறிவில் ரெண்டு அமிலம் எடுத்துக்கலாம். ஒன்று ஹைட்ரோகுளோரிக் அமிலம், இன்னொன்று வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம். ரெண்டுமே லிட்டருக்கு 0.1 மோல். டைட்ரேஷன் பண்ணினா ரெண்டுக்கும் ஒரே அளவு காரம்தான் செலவாகும். ஆனா தண்ணீரில் சுதந்திரமா அலையற ஹைட்ரஜன் அயனிகளை எண்ணிப் பாத்தா, முதல் கரைசல்ல ரெண்டாவதை விட சுமார் 75 மடங்கு அதிகம்.

ஐடியில வேலை பாக்கறவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஆஃபர் லெட்டர்ல சிடிசி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஒருத்தருக்கு மாசாமாசம் முழுசா கையில வருது. இன்னொருத்தருக்கு பிஎஃப், கிராஜுவிட்டி, போனஸ், ஜாய்னிங் ஷேர்னு பெரும்பகுதி பூட்டி வச்சிருக்காங்க. மொத்தம் ஒண்ணு, கைச்செலவு வேற. ஹைட்ரோகுளோரிக் அமிலம் எல்லா ஹைட்ரஜன் அயனியையும் அப்பவே தண்ணியில விட்டுடும். அசிட்டிக் அமிலம் பெரும்பகுதியைத் தன்கிட்டயே பிடிச்சு வச்சிருக்கும். நீங்க காரம் ஊத்த ஊத்தத்தான் கொஞ்சம் கொஞ்சமா விடும். டைட்ரேஷன் சிடிசியைக் காட்டுது. நொதிக்குத் தெரிவதோ கைக்கு வர்றது மட்டும்தான்.

ஏன் அப்படின்னு ஒரு நிமிஷம் தண்ணீரைப் பாத்துடுவோம். தண்ணீர் மூலக்கூறு நேர்கோடு இல்லை, வளைந்தது. ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின்னேற்றம், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின்னேற்றம். அதனால் மின்னேற்றம் உள்ள எதையும் தண்ணீர் சூழ்ந்து பிடித்துக் கரைத்துவிடும். சில நேரம் ஒரு தண்ணீர் மூலக்கூறே உடைந்து, ஒரு ஹைட்ரஜன் அயனியை விட்டுவிடும். அந்த அயனி தனியா நிக்காது, பக்கத்துத் தண்ணீர் மூலக்கூறு மேல ஏறி உக்காந்துக்கும். சுத்தமான தண்ணீரில் இப்படி உடைந்திருப்பது, ஏறத்தாழ 55 கோடி மூலக்கூறுக்கு ஒன்று.

55 கோடியில ஒண்ணுக்கு என்ன பெரிய மதிப்புன்னு தோணலாம். புரதத்துக்கு இருக்கு. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீளமான மாலை. அந்த மாலையில் ஹைட்ரஜன் அயனியைப் பிடிக்கவும் விடவும் கூடிய இடங்கள் நிறைய உண்டு. அயனி ஒட்டினால் அந்த இடத்தின் மின்னேற்றம் மாறும். மின்னேற்றம் மாறினால், மாலையில் எந்தப் பகுதி எதை ஈர்க்கும், எதைத் தள்ளும் என்பது மாறும். அப்போ புரதம் மடிந்திருக்கும் வடிவமே மாறிப்போகும். பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரிவது இதனால்தான். பிஎச் 4.6 பக்கம் வந்ததும் பாலின் கேசீன் புரதங்கள் ஒன்றையொன்று தள்ளுவதை நிறுத்திவிட்டுக் கட்டியாகச் சேர்ந்துவிடும். நம்ம வயிற்றில் இருக்கிற பெப்சின் நொதி பிஎச் 2 பக்கத்தில் பிரமாதமா வேலை செய்யும். சிறுகுடலுக்கு வரும் டிரிப்சினுக்கு 8 பக்கம் இருந்தால்தான் வேலை ஓடும்.

1909: ஒரு வசதிக்காக வைத்த பேர்

அமிலம் என்றால் தண்ணீரில் ஹைட்ரஜன் அயனியை விடுவது என்ற எண்ணத்தை ஸ்வீடன்காரர் ஸ்வாந்தே அர்ரேனியஸ் ஏற்கெனவே கொடுத்திருந்தார். 1884-இல் அவருடைய ஆய்வேடு உப்சாலா பல்கலைக்கழகத்தில் தட்டுத் தடுமாறித்தான் தேறியது. 1903-இல் அதே வேலைக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆக, எதை அளக்கணும்னு தெரியும். எப்படி அளக்கறது, அளந்ததை எப்படி எழுதறதுங்கறதுதான் பாக்கி.

ரெண்டையும் சோரன்சன் 1909-இல் வெளியிட்ட நொதிகள் பற்றிய நீண்ட கட்டுரையில் செய்தார். எழுதுவதற்கு அவர் செய்தது சின்ன வேலை. லிட்டருக்கு 0.0000001 மோல் என்று பூஜ்யங்களை எண்ணி எண்ணி எழுதினால் யாருக்கும் தப்பு வரும். 10-இன் அடுக்கு மைனஸ் 7 என்றுதானே அர்த்தம், மைனஸையும் பத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு 7 என்று மட்டும் எழுதுவோமே என்றார். கணக்கில் சொன்னால் லாகரிதம், தமிழ் பாடப்புத்தகத்தில் மடக்கை. 'எச்' என்பது ஹைட்ரஜன். 'பி' எதைக் குறிக்கிறது என்று அவர் தெளிவா எழுதி வைக்கவில்லை. அடுக்கைக் குறிக்கும் ஜெர்மன் வார்த்தை, பிரெஞ்சு வார்த்தை, எல்லாமே 'பி'யில்தான் தொடங்கும். அவர் தன் ரெண்டு கரைசல்களுக்கு பி, க்யூ என்று வைத்த பெயர்தான் அது என்று சொல்பவர்களும் உண்டு.

லாகரிதத்துல ஒரு கவனம் வேணும். 7-க்கும் 6-க்கும் வித்தியாசம் ஒண்ணு இல்ல, பத்து மடங்கு. 0.3 குறைஞ்சாலே ஹைட்ரஜன் அயனி ரெண்டு மடங்கு ஆயிடும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பேர் வைத்ததைவிட அவர் செய்த அளக்கிற வேலைதான் கஷ்டமானது. ஒரு முறை, பிளாட்டினம் மின்முனை மேல் ஹைட்ரஜன் வாயுவைக் குமிழியாக விட்டு மின்னழுத்தத்தைப் பார்ப்பது. துல்லியமானது, ஆனால் மெதுவானது. இன்னொரு முறை, நிறம் மாறும் சாயங்கள். அதுக்காக ஏராளமான சாயங்களைச் சோதித்து, எது புரதம் இருக்கும் கரைசலில் ஏமாற்றாது என்று பிரித்தார். பிஎச் மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்களையும், அதாவது பஃபர்களையும், வரிசையாகத் தயாரித்து செய்முறையோடு வெளியிட்டார். உயிரியல் லேப்ல வேலை பாக்கற உங்க நண்பர்களைக் கேளுங்க, சோரன்சன் பாஸ்பேட் பஃபர் இன்னும் புழக்கத்துல இருக்கு. அவருடைய மனைவி மார்கரேத்தே ஹொய்ரூப் சோரன்சனும் அந்த ஆய்வகத்தில் அவரோடு சேர்ந்து வேலை செய்தவர். பீர் ஆலையின் அந்தப் பழைய விதிப்படி எல்லாமே பொதுவில் வந்தது. யார் வேண்டுமானாலும் படித்து அதே அளவுகோலை உருவாக்கிக்கொள்ளலாம்.

ரத்தத்தின் கணக்கு

அந்த அளவுகோலை ரத்தத்துக்கு எடுத்துக்கொண்டு போனவரும் கோபன்ஹேகன்காரர்தான். கார்ல் ஹாசல்பால்க். அவருக்கு முன்னால் 1908-இல் அமெரிக்காவில் லாரன்ஸ் ஹெண்டர்சன் ரத்தம் எப்படித் தன் அமில அளவைக் காக்கிறது என்று கணக்குப் போட்டிருந்தார். 1916 வாக்கில் ஹாசல்பால்க் அந்தக் கணக்கை சோரன்சனின் பிஎச் மொழியில் திருப்பி எழுதினார். மெடிக்கல் படிக்கறவங்க மனப்பாடம் பண்ற ஹெண்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாடு இதுதான்.

விஷயம் இதுதான். உடம்பு எரிக்கும் சாப்பாட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வருகிறது. அது ரத்தத்தில் இருக்கும் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பானிக் அமிலம். அது உடைந்தால் ஒரு ஹைட்ரஜன் அயனி, ஒரு பைகார்பனேட். ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும் நாம் உண்மையில் அமிலத்தை வெளியே தள்ளுகிறோம்.

ரத்தத்தின் பிஎச் 7.35-லிருந்து 7.45 வரைக்கும் இருக்க வேண்டும். 6.8-க்குக் கீழே போனால் உயிர் தாங்குவது அரிது. அந்த பிஎச்சை முடிவு செய்வது ரெண்டு விஷயங்களின் விகிதம். ஒரு பக்கம் பைகார்பனேட், இன்னொரு பக்கம் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு. ஆரோக்கியமான ரத்தத்தில் 20-க்கு 1. லிட்டருக்கு 24 மில்லிமோல் பைகார்பனேட், 1.2 கரைந்த வாயு. பிஎச் 7.4.

இப்போ ஒருத்தரால மூச்சு விட முடியலைன்னு வைங்க. வாயு வெளிய போகாம தேங்கி 1.2 என்பது 2.4 ஆயிடுது. அதுல ஒரு பகுதி பைகார்பனேட்டா மாறி, 24 என்பது 28 ஆகுதுன்னு வச்சுக்கலாம். மொத்தத்தைக் கூட்டிப் பாருங்க. முதல்ல 25.2, இப்போ 30.4. கூடியிருக்கு. அதுலயும் பெரும்பகுதி பைகார்பனேட்தான். பைகார்பனேட் காரம். அப்போ மொத்தத்தை மட்டும் பாக்கறவர் என்ன சொல்வார்? ரத்தம் காரமாயிடுச்சுன்னு சொல்வார்.

ஆனா விகிதத்தைப் பாருங்க. 20 இருந்தது 12-க்குப் பக்கத்துல வந்துடுச்சு. பிஎச் 7.4-லிருந்து சுமார் 7.2-க்கு இறங்கிடுச்சு. ரத்தம் அமிலத்துல முங்கிட்டு இருக்கு.

இப்போ 1952 வார்டு ஞாபகம் வருதா? அங்க ரிப்போர்ட்ல இருந்தது மொத்த கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான். ரத்தத்தில் பிஎச் அளப்பது அப்போது ஆராய்ச்சிக்கூட வேலை, வார்டில் தினமும் எடுக்கும் பரிசோதனை இல்லை. சோரன்சன் 1909-ல டைட்ரேஷன்ல பாத்த அதே சிக்கல். சிடிசியைப் பாத்து கைச்செலவைக் கணிச்சாங்க. அதுவும் அந்தச் சிக்கலைத் தீர்த்த ஊரிலேயே, சமன்பாடு எழுதி 36 வருஷம் கழிச்சு.

எலுமிச்சை சாறும் ஒரு மீட்டரும்

சமன்பாடு இருந்தும் ஏன் வார்டுக்கு வரல? ஒரு காரணம் கருவி. ஹைட்ரஜன் குமிழி விடற மின்முனையை நோயாளி பக்கத்துல வச்சு ஓட்ட முடியாது. 1900-களின் தொடக்கத்திலேயே மெல்லிய கண்ணாடிச் சவ்வின் வழியாக பிஎச் அளக்கலாம் என்று கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் கண்ணாடி வழியாக வரும் மின்சாரம் அவ்வளவு பலவீனமானது, அன்றைய மீட்டர்களில் முள் அசையாது.

தீர்வு வந்தது கலிபோர்னியாவில், பழத் தோட்டக்காரர்கள் மூலமாக. 1934-இல் அங்கே பழ விவசாயிகள் கூட்டமைப்பின் ஆய்வகத்தில் இருந்த கிளென் ஜோசப்புக்கு எலுமிச்சை சாற்றின் அமில அளவை எடுக்க வேண்டும். சாற்றில் சேர்த்திருந்த சல்ஃபர் டை ஆக்சைடு, லிட்மஸ் சாயத்தை வெளுக்க வைத்தது, ஹைட்ரஜன் மின்முனையையும் கெடுத்தது. கால்டெக்கில் வேதியியல் ஆசிரியராக இருந்த தன் பழைய நண்பர் ஆர்னால்ட் பெக்மனிடம் போனார். பெக்மனுக்கு எலக்ட்ரானிக்ஸும் தெரியும். வால்வ் வைத்த பெருக்கி ஒன்றைக் கட்டி, கண்ணாடி மின்முனையோடு இணைத்து, தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரே பெட்டிக்குள் அடைத்தார். 1935-லிருந்து விற்பனை. விலை 195 டாலர், அன்றைக்கு அது பெரிய தொகை. ஆனாலும் வித்தது. பிஎச் அளக்க இனிமே பிஎச்சில் நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

அதே 1935-இல் கோபன்ஹேகனிலும் ரேடியோமீட்டர் என்ற கம்பெனி தொடங்கியது. அவர்களும் பிஎச் மீட்டர் செய்தார்கள். இந்தப் பேரையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

ஆகஸ்ட் 27

திரும்ப வார்டுக்கு வருவோம். தலைமை மருத்துவர் லாசனுக்குக் கீழே வேலை செய்த மோகன்ஸ் பியோர்னெபோ, பியோர்ன் இப்சனைக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன என்று வற்புறுத்தினார். இப்சன் மயக்க மருந்து நிபுணர், பாஸ்டனில் பயிற்சி எடுத்தவர். மயக்க மருந்து டாக்டருக்கு ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே வேலை இல்லை என்பதுதான் அன்றைய வழக்கம்.

ஆகஸ்ட் 25 அன்று கூட்டம். இப்சன் இறந்தவர்களின் விவரங்களைப் பார்த்தார். வியர்வை, ஏறிய ரத்த அழுத்தம், அதிக கார்பன் டை ஆக்சைடு. தியேட்டரில் மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு மூச்சு போதாமல் போனால் வரும் அதே அறிகுறிகள். ரத்தம் காரமாகவில்லை, இவர்கள் வெளியே விட முடியாத வாயுவில் மூழ்கிச் சாகிறார்கள் என்றார். கழுத்தில் துளை போட்டு, மூச்சுக்குழாயில் ரப்பர் குழாயைச் செருகி, பையை அழுத்தி நேரடியாகக் காற்றை உள்ளே தள்ளலாம் என்றார்.

ரெண்டு நாள் கழித்து அவருக்குக் காட்டிய நோயாளி 12 வயசுப் பொண்ணு. கை கால் நாலும் செயலிழந்து, சளியில் மூச்சு முட்டி, சாகப் போகிற நிலை. கழுத்தில் துளை போட்டுக் குழாய் செருகிய பிறகும் மூச்சுக்குழாய்கள் இறுகிக்கொண்டன. பையை எவ்வளவு அழுத்தினாலும் காற்று போகவில்லை. பார்த்துக்கொண்டிருந்த டாக்டர்களில் சிலர் முடிந்தது என்று வெளியே போய்விட்டார்கள். இப்சன் மயக்க மருந்து கொடுத்தார். அந்தப் பொண்ணு போராடுவதை நிறுத்தியதும் நெஞ்சு தளர்ந்தது, காற்று உள்ளே போனது. கார்பன் டை ஆக்சைடு இறங்கியது, நிறம் திரும்பியது. அவ பிழைச்சுட்டா.

இங்கதான் நம்ம எண் வருது. இப்சன் சொன்னது அனுபவத்துல வந்த கணிப்பு. அதை நிரூபிக்கணும், அதைவிட முக்கியமா, ஒவ்வொரு நோயாளிக்கும் காற்று போதுதா, அதிகமாகுதான்னு தினமும் தெரியணும். மருத்துவ வேதியியலாளர் பவுல் ஆஸ்ட்ரப், ரேடியோமீட்டர் மீட்டரை வைத்து ரத்தத்தின் பிஎச்சை நேரடியாக அளந்தார். அமிலம். இப்சன் சொன்னது சரி. மொத்தமும் பிஎச்சும் கையில் இருந்தால் ஹாசல்பால்க் சமன்பாட்டில் போட்டு மூன்றாவது எண்ணைக் கணக்கிட்டுவிடலாம். எவ்வளவு வாயு தேங்கியிருக்கிறது, பிரச்சினை மூச்சிலா, உடம்பின் வேறு வேலையிலா என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

அடுத்த சில மாதங்கள் நடந்தது, மருத்துவ வரலாற்றிலேயே அபூர்வமான காட்சி. வென்டிலேட்டர் இயந்திரம் இல்லை. அதனால் மருத்துவ மாணவர்கள் வந்தார்கள், மொத்தம் சுமார் 1,500 பேர். ஷிஃப்ட் போட்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ராத்திரி பகலாகக் கையால் பையை அழுத்தினார்கள். உச்சத்தில் ஒரே நேரத்தில் 70 நோயாளிகள். சிலருக்கு மாதக்கணக்கில். 100-க்கு 87 பேர் செத்த இடத்தில், இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

1953 டிசம்பரில் இப்சன், கோபன்ஹேகன் நகராட்சி மருத்துவமனையில் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு என்றே தனி வார்டு தொடங்கினார். உலகின் முதல் ஐசியூ என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். ஆஸ்ட்ரப் ரேடியோமீட்டரோடு சேர்ந்து ரத்த வாயுக்களை அளக்கும் கருவியை உருவாக்கினார். சோரன்சன் 1939-லேயே இறந்துவிட்டார். இது எதையும் அவர் பார்க்கவில்லை. நோபல் பரிசும் அவருக்குக் கிடைக்கவில்லை.

ரிப்போர்ட்டின் முதல் வரி

இந்தக் கதையைப் படிச்சப்போ என்னைத் தொந்தரவு பண்ணின விஷயம், அந்த 27 பேர். அவங்களைக் காப்பாத்தத் தேவையான அறிவு எல்லாமே அந்த ஊர்லயே இருந்தது. அளவுகோல் 1909-ல. சமன்பாடு 1916-ல. மீட்டர் செய்யற கம்பெனி 1935-ல. ஆனா அது எதுவும் அந்தக் கட்டில் பக்கத்துல இல்ல. தியேட்டர்ல இருந்த டாக்டருக்கும் வார்டுல இருந்த டாக்டருக்கும் நடுவுல, லேபுக்கும் நோயாளிக்கும் நடுவுல, யாரும் கடக்காத ஒரு வழி இருந்தது. பியோர்னெபோ ஒருத்தர் "அவரைக் கூப்பிடலாமே"ன்னு சொன்னதுல அந்த வழி திறந்தது.

நம்ம வேலையிலயும் டாஷ்போர்டுல ஒரு பெரிய எண் பச்சையா மின்னும். மொத்த யூசர்கள், மொத்த ரிக்வெஸ்ட், மொத்த ஸ்டோரேஜ். அந்த மொத்தம் உண்மையாத்தான் இருக்கும். அதுக்குள்ள எது தேங்கி நிக்குதுன்னு அது சொல்லாது. அதைத் தெரிஞ்சுக்க ரெண்டாவது ஒரு அளவு வேணும்.

உங்க வீட்டுல யாராவது ஐசியூல இருந்திருந்தா, டாக்டர்கள் 'ஏபிஜி எடுங்க'ன்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. தமனி ரத்தத்துல எடுக்கற வாயுப் பரிசோதனை. கொஞ்ச நிமிஷத்துல ஒரு சின்னச் சீட்டு வரும். பெரும்பாலும் அதுல முதல் வரி பிஎச். அதுக்குக் கீழ கார்பன் டை ஆக்சைடு, அப்புறம் பைகார்பனேட். சோரன்சன், ஹாசல்பால்க், ஆஸ்ட்ரப் மூணு பேரும் அந்தச் சீட்டுல இருக்காங்க, பேர் போடாம. அடுத்த தடவை பாத்தீங்கன்னா 7.4-க்குப் பக்கத்துல இருக்கான்னு பாருங்க. மீதியை டாக்டர்கிட்ட கேளுங்க.

இன்னைக்கு இவ்வளவுதான். எபிசோட் பிடிச்சிருந்தா, கெமிஸ்ட்ரின்னாலே ஓடற ஒரு நண்பருக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.